முடியத் தெரிந்த தொடர்கள்

தமிழ்த் தொலைக்காட்சித் தொடர்களைப் பற்றிப் பார்வையாளர்கள் தமக்குள் பேசிக்கொள்ளும்போது மிக அதிகமாக எழும் குறை, கதையை 'இழுக்கிறார்கள்' என்பதுதான். நடிப்பையோ காட்சியமைப்பையோ குறைகூறுவோர் குறைவு. ஒரு வாரத்தில் நடந்து முடிய வேண்டிய திருமணம் ஒரு மாதமாகியும் மண்டபத்தை விட்டு நகரவில்லை, வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த உண்மை ஒருவருக்கு மட்டும் எட்டாமலேயே ஆண்டு ஒன்று கழிகிறது என்று அலுத்துக்கொள்வோர் மிகுதி. மேலோட்டமான சலிப்பைப் போலத் தோன்றும் இந்தக் குறை, தொடர் என்னும் கலைவடிவத்தின் நடுநாடியைத் தொட்டுவிடுகிறது. ஒரு தொடரின் தரத்தை அதன் கதைக்கருவும் செலவும் நடிகர்களும் ஓரளவு முடிவுசெய்கின்றன என்றாலும், அதை எழுதுபவருக்குக் கதை எங்கே முடியும் என்று தெரியுமா, தெரிந்தாலும் அங்கே முடிக்க அவருக்கு உரிமை உண்டா என்பதே அவை அனைத்தையும்விடப் பெரிதாக முடிவுசெய்கிறது. எதைப் பார்க்கலாம், எதை விட்டுவிடலாம் என்ற அன்றாடக் கேள்விக்கும் இங்கிருந்து தொடங்கினால் பயனுள்ள விடை கிடைக்கும்.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று ஒளிபரப்பைத் தொடங்கியது. தூர்தர்ஷனின் ஆதிக்கம் நிலவிய காலத்தில் தொடர்கள் பெரும்பாலும் வாரத்துக்கு ஒருமுறை, பதின்மூன்று வாரங்கள், அதாவது ஓராண்டின் கால்பகுதி என்ற அளவில் அனுமதிக்கப்பட்டன. மெக்சிகோ நாட்டின் நெடுந்தொடர்களை முன்மாதிரியாகக் கொண்டு 1984இல் தொடங்கிய 'ஹம் லோக்' என்ற இந்தித் தொடர், இந்தியத் தொடர்களின் முன்னோடியாகக் கருதப்படுகிறது. அன்றைய அளவில் மிக நீண்டதாகத் தோன்றிய அதுவும் 156 பகுதிகளோடு நின்றுவிட்டது. தமிழில் இயக்குநர் கே. பாலசந்தர் திரைப்படத்தில் பெற்ற தேர்ச்சியோடு சின்னத்திரைக்கு வந்து 'ரயில் சிநேகம்', 'கையளவு மனசு' போன்ற தொடர்களை உருவாக்கினார். அவருடைய நிறுவனத் தயாரிப்பில், இந்திரா சௌந்தர்ராஜனின் கதைகளைக் கொண்டு நாகா இயக்கிய 'மர்மதேசம்' வரிசையின் முதல் தொடர்கள் தொண்ணூறுகளின் பிற்பகுதியில் சன் தொலைக்காட்சியில் வாரந்தோறும் ஒளிபரப்பாயின. அவற்றுள் 'விடாது கருப்பு' தனித்துக் குறிப்பிடத்தக்கது. ஒரு சிற்றூரின் காவல் தெய்வத்தைப் பற்றிய அச்சத்தையும் மனநோய் குறித்த மருத்துவ அறிவையும் எதிரெதிரே நிறுத்தி, கதைமாந்தரின் சிறுவயதுக் காலத்தையும் பிற்காலத்தையும் மாறி மாறிக் காட்டி, இரண்டும் சந்திக்கும் புள்ளியை நோக்கி அது சீராக நகர்கிறது. எங்கே போய்ச் சேரப் போகிறோம் என்று முன்கூட்டியே தெரிந்தவர்களால் மட்டுமே இத்தகைய கட்டுமானத்தை எழுப்ப முடியும்.

1993ஆம் ஆண்டு ஏப்ரல் 14 அன்று தொடங்கிய சன் தொலைக்காட்சியும் அதைத் தொடர்ந்து வந்த பிற தனியார் அலைவரிசைகளும் இந்த அளவுகோலை மாற்றின. ராதிகா நடித்துத் தயாரித்து 1999 முதல் 2001 வரை ஒளிபரப்பான 'சித்தி', வார நாட்களில் நாள்தோறும் வரும் கதைக்குத் தமிழகம் முழுவதையும் பழக்கியது. அதன்பின் தேவயானி நடித்து, திருச்செல்வம் இயக்கிய 'கோலங்கள்' 2003இல் தொடங்கி 2009 வரை 1,500க்கும் மேற்பட்ட பகுதிகளாக ஓடியது. இவ்வாறு முடிவு குறிக்கப்படாமல் நாள்தோறும் வளரும் தொடரே 'மெகா தொடர்' எனப்படுகிறது.

அதன் பொருளாதாரம் எளிமையானது. புதிய தொடர் ஒன்றைத் தொடங்க வேண்டுமானால் வீட்டு அரங்கு அமைக்க வேண்டும், நடிகர்களைத் திரட்ட வேண்டும், விளம்பரக் காட்சிகள் வெளியிட வேண்டும், அதன் பிறகும் பார்வையாளர்கள் கதைமாந்தரின் பெயர்களை மனத்தில் இருத்திக்கொள்ளச் சில மாதங்கள் காத்திருக்க வேண்டும். இந்தச் செலவெல்லாம் முடிந்து தொடர் வேர்பிடித்த பிறகுதான் ஒவ்வொரு நாளும் வருவாய் தரும் நாளாகிறது. ஆகவே வெற்றி பெற்ற தொடரை நிறுத்துவது இழப்பாகவும், தோல்வியுற்றதைத் தொடர்வது இழப்பாகவும் கணக்கிடப்படுகின்றன. கதை முழுமையடைந்துவிட்டது என்பதற்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை.

இந்த வெற்றியை அளப்பது டிஆர்பி என்று அனைவரும் சொல்லும் பார்வையாளர் மதிப்பீடு. 2015 முதல் பார்க் இந்தியா என்ற அமைப்பு இதைக் கணக்கிட்டு வருகிறது. தேர்ந்தெடுக்கப்பட்ட வீடுகளில் மட்டும் ஒரு கருவி பொருத்தப்படுகிறது. அலைவரிசைகள் தங்கள் ஒலியில் காதுக்குக் கேட்காத அடையாளக் குறி ஒன்றைக் கலந்து அனுப்புகின்றன. அந்தக் குறியைக் கருவி இனங்கண்டு எந்த அலைவரிசை ஓடுகிறது என்று பதிவுசெய்ய, அப்போது தொலைக்காட்சி முன் இருக்கும் குடும்ப உறுப்பினர் தமக்குரிய பொத்தானை அழுத்தித் தம் இருப்பைத் தெரிவிக்கிறார். இவ்வாறு திரட்டப்பட்ட புள்ளிகள் வாரந்தோறும் வெளியிடப்படுகின்றன. விளம்பரக் கட்டணம் இப்புள்ளிகளைச் சார்ந்திருப்பதால், கதையின் போக்கும் வாரக்கணக்கில் இவற்றுக்குக் கட்டுப்படுகிறது. புள்ளி ஏறினால், அந்த வாரம் ஓடிய கிளைக்கதை, தொடர்த் துறையினரின் சொல்லில் 'டிராக்', நீட்டிக்கப்படுகிறது. இறங்கினால் பாதியிலேயே கைவிடப்பட்டு ஒரு விபத்தோ கடத்தலோ புகுத்தப்படுகிறது. இரண்டு தொடர்களின் குடும்பங்களைச் சில நாட்கள் ஒரே திருமணத்திலோ திருவிழாவிலோ கூட்டிவைக்கும் 'மகா சங்கமம்' என்னும் உத்தியும், நன்றாக ஓடும் தொடரின் பார்வையாளர்களை அருகிலுள்ள தொடருக்கும் அழைத்துச் செல்வதற்காகக் கண்டுபிடிக்கப்பட்டதே. நடிகர் விலகினால் கதையை நிறுத்த இயலாது என்பதால், 'இவருக்குப் பதில் இவர்' என்ற அறிவிப்போடு மறுநாளே வேறொருவர் அதே பாத்திரமாக வீட்டுக்குள் நடந்து வருகிறார்.

நாள்தோறும் ஒரு பகுதி தேவைப்படும்போது கையிருப்பு எவ்வளவு மெல்லியதாக இருக்கும் என்பதை 2020ஆம் ஆண்டின் ஊரடங்கு வெளிப்படுத்தியது. மார்ச் மாத நடுவில் படப்பிடிப்புகள் நின்ற சில நாட்களிலேயே புதிய பகுதிகள் தீர்ந்துபோய், அலைவரிசைகள் பழைய தொடர்களைத் தூசி தட்டி எடுக்க வேண்டியதாயிற்று. ஒளிபரப்பாகும் பகுதிக்கும் எழுதப்படும் பகுதிக்கும் இடையே இவ்வளவு குறுகிய இடைவெளி இருக்கும் இடத்தில், திருத்தி எழுதுவதற்கு நேரமில்லை. முதலில் தோன்றிய உரையாடலே கடைசி உரையாடல். ஒரு மணி நேரத்துக்கு அதிகபட்சம் 12 நிமிடங்கள் விளம்பரங்களுக்கு என்ற விதிப்படி, அரை மணி நேரத் தொடரில் கதைக்குக் கிடைப்பது ஏறத்தாழ 24 நிமிடங்களே. அதிலும் முந்தைய நாளின் சுருக்கம், தலைப்புப் பாடல், நாளைய முன்னோட்டம் ஆகியவை போக எஞ்சுவது மேலும் குறைவு. ஒருவர் பேசி முடித்ததும் சுற்றி நிற்கும் ஏழெட்டுப் பேரின் முகங்களையும் பின்னணி இசையோடு தனித்தனியே காட்டும் வழக்கம் எங்கிருந்து வந்தது என்பதை, அந்தச் சில நிமிடங்களையும் நாள்தோறும் அவசரமாக நிரப்ப வேண்டிய நெருக்கடியை அறிந்தவர்கள் எளிதில் புரிந்துகொள்ளலாம்.

ஆயினும் நீளத்தையும் திரும்பக் கூறலையும் முற்றிலும் குற்றமாகவே கொள்வது நியாயமாகாது. மெகா தொடரைப் பார்ப்பவர்களில் பெரும்பகுதியினர் அதைக் காதால் தொடர்கிறவர்கள். அடுப்படியில் நின்றபடியே, துணி மடித்தபடியே, குழந்தைக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுத்தபடியே கேட்கும் ஒருவருக்காக, பாத்திரங்களின் பெயர்கள் உரையாடலில் அடிக்கடி சொல்லப்படுகின்றன. நேற்று நடந்தது இன்று பேச்சில் நினைவூட்டப்படுகிறது. நாள் முழுதும் உழைக்கும் பெண்களுக்குத் தமக்கென்று கிடைக்கும் அரை மணி நேரத்தின் இயல்பை அறிந்து அமைந்த வடிவம் அது. அதைத் திரைப்படத்தின் அளவுகோலால் அளந்து எள்ளி நகையாடுவது, நாவலைச் சிறுகதை இலக்கணத்தால் அளப்பதற்கு ஒப்பான பிழை. மேலும், தொடர்ந்து வெளிவருவது தன்னளவில் கலைக்குப் பகையன்று என்பதைத் தமிழ் வாசகர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை வாரப் பத்திரிகைத் தொடராகத்தான் வந்தது; ஆனால் அதைத் தொடங்கியவரும் நடத்தியவரும் முடித்தவரும் ஒரே எழுத்தாளர். கதை, திரைக்கதை, உரையாடல் என்று பலர் கைக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டு, பாதியில் இயக்குநரே மாறக்கூடிய மெகா தொடரில் அத்தகைய தனிப்பொறுப்பு அமைவது அரிது. அமையும்போது அது உடனே தெரிந்துவிடுகிறது.

அவ்வாறு அமைந்தவற்றுள் திருமுருகன் இயக்கி 2002 முதல் 2005 வரை வந்த 'மெட்டி ஒலி' முதன்மையானது. ஐந்து பெண்களைப் பெற்ற சிதம்பரம் என்ற தந்தை, அவர்களைக் கட்டிக்கொடுத்த வீடுகளுக்கு ஒவ்வொன்றாகப் போய்த் தலைகுனிந்து நிற்பதே கதை. ஐந்து வீடுகள் இருந்ததால் கதையை வளர்க்கச் சதிகாரர்களைப் புதிதாக இறக்குமதி செய்ய வேண்டிய தேவை எழவில்லை. மருமகன்களின் குணவேறுபாடே போதுமானதாக இருந்தது. டெல்லி குமார் அந்தத் தந்தையாகக் குரல் உயர்த்தாமல் நடித்தது இன்றும் நினைக்கப்படுகிறது.

'கோலங்கள்' தந்த திருச்செல்வமே 2022 பிப்ரவரியில் தொடங்கிய 'எதிர்நீச்சல்' அண்மைக் காலத்தின் மிகச் சிறந்த மெகா தொடர் என்று தயங்காமல் கூறலாம். அண்ணன் தம்பி நால்வர் வாழும் ஒரு கூட்டுக் குடும்பம். மூத்தவரான ஆதி குணசேகரன் சொல்லுக்கு மறுசொல் இல்லை. படித்த பெண்களைத் தேடிப் பிடித்து மருமகளாக்கி, அவர்களை அடுப்படிக்குள் அடைத்துவைப்பது அவ்வீட்டின் வழக்கம். இத்தொடரின் உயிர் அந்த அடுப்படியில்தான் இருந்தது. ஓரகத்திகளான ஈஸ்வரி, ரேணுகா, நந்தினி, இளையவளாக வந்த ஜனனி ஆகிய நால்வரும் காய் நறுக்கிக்கொண்டும் தோசை வார்த்துக்கொண்டும் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் காட்சிகளில், ஒருத்தியின் கைவிட்டுப் போன படிப்பு, இன்னொருத்தியின் அடக்கிவைத்த கோபம், மற்றொருத்தி வேடிக்கையாகச் சொல்லிக் கடந்துவிடும் வேதனை எல்லாம் நாடகத்தன்மை இல்லாமல் வெளிப்பட்டன. ஓரகத்திகள் என்றால் ஒருவர் மேல் ஒருவர் பொறாமை கொண்டவர்கள் என்று காலங்காலமாகக் காட்டிவந்த சின்னத்திரையில், அவர்களை ஒருவருக்கொருவர் அரணாக நிறுத்தியது துணிவான செயல். குணசேகரனாக நடித்த மாரிமுத்து, ஆணாதிக்கத்தைப் பேருரையாக ஆற்றாமல் அன்றாட எரிச்சலாகவும் அலட்சியமாகவும் வெளிப்படுத்தியதால், பார்த்த வீடுகளில் பலருக்குத் தெரிந்த யாரோ ஒருவரின் சாயல் அவரிடம் தென்பட்டது. 2023 செப்டம்பர் 8 அன்று இத்தொடருக்கான பின்னணிக் குரல் பதிவின்போது அவர் மாரடைப்பால் மறைந்தார். எழுத்தாளரும் நடிகருமான வேல ராமமூர்த்தி அப்பாத்திரத்தை ஏற்றார்; அவர் திறமையானவர்தான் என்றாலும், எழுத்தும் உடல்மொழியும் ஒன்றாகக் கலந்து உருவாகியிருந்த ஒரு மனிதரை வேறோர் உடலில் தொடர்வது இயலாத காரியம். 2024 ஜூனில் முதல் தொடர் முடிந்து, அவ்வாண்டின் இறுதியிலேயே இரண்டாம் பாகம் தொடங்கியது. முதல் பாகத்தின் முதல் ஓராண்டுப் பகுதிகளைப் பார்ப்பவர்களுக்கு இந்த வடிவத்தின் உச்சம் எது என்பது விளங்கும்.

இங்கிருந்து ஒரு தேர்வு முறையைப் பெறலாம். தொடரின் சிக்கல் எதிலிருந்து பிறக்கிறது என்பதைக் கவனித்தால், அதைத் தொடரலாமா வேண்டாமா என்பது இரண்டு வாரங்களில் தெரிந்துவிடும். கதைமாந்தரின் குணத்திலிருந்தும் வருவாயிலிருந்தும் உறவிலிருந்தும் சிக்கல் பிறந்தால் அத்தொடரில் எழுதுபவருக்குப் பிடிமானம் இருக்கிறது. கதவுக்குப் பின்னால் நின்று ஒட்டுக்கேட்பதாலும், பாலில் எதையோ கலப்பதாலும், தலையில் அடிபட்டு நினைவு தவறுவதாலும் பிறந்தால் எழுதுபவர் நாளைக் கடத்துகிறார் என்று பொருள். விஜய் தொலைக்காட்சியில் 2023இல் தொடங்கிய 'சிறகடிக்க ஆசை' பூ விற்கும் மீனாவையும் கார் ஓட்டும் முத்துவையும் நடுவில் வைத்து, ஒரே வீட்டில் சம்பாத்தியத்துக்கேற்ப மருமகள்களின் மதிப்பு ஏறி இறங்குவதைக் காட்டிய இடங்களில் முதல் வகையைச் சேர்கிறது. ஒரு பாத்திரத்தின் இறந்தகால ரகசியத்தை மாதக்கணக்கில் பொத்திவைக்கும் இடங்களில் இரண்டாவதற்குச் சரிகிறது. 'ஸ்ரீமோயி' என்ற வங்காளத் தொடரிலிருந்து தமிழுக்கு வந்து 2020 முதல் 2025 வரை ஓடியது 'பாக்கியலட்சுமி'; அதே மூலக்கதை இந்தியில் 'அனுபமா' என்ற பெயரில் இன்னும் பெரிய வெற்றி பெற்றது. படிப்பில்லாதவள் என்று கணவனால் தாழ்த்தப்பட்ட இல்லத்தரசி, தன் சமையல் திறமையைத் தொழிலாக மாற்றிக்கொள்ளும் வரை தமிழ்த் தொடரின் கதை நேர்த்தியாகவே சென்றது. மணவிலக்குப் பெற்றபின் அவள் கதை இயல்பாக முடிந்துவிட்டது, தொடர் முடியவில்லை. பிரிந்த கணவன் ஏதேனும் ஒரு காரணத்தால் மீண்டும் மீண்டும் அதே வட்டத்துக்குள் வர வேண்டியிருந்தது இதனால்தான்.

கதை சாராத நிகழ்ச்சிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 2006 முதல் கோபிநாத் நடத்திவரும் 'நீயா நானா', ஒரு பொருளின் இருபக்கத்திலும் சாதாரண மக்களை அமர்த்திப் பேசவைப்பதால், அன்றைய தலைப்பைப் பொறுத்து ஏறி இறங்கினாலும், குடும்பத்தோடு பார்த்துவிட்டு விவாதிக்கத்தக்கது. 2019இல் வந்த 'குக்கு வித் கோமாளி' முதல் சில பருவங்களில் சமையலையும் நகைச்சுவையையும் சமமாகக் கலந்தது. 1999இல் நெதர்லாந்தில் தொடங்கிய 'பிக் பிரதர்' என்ற நிகழ்ச்சியின் தமிழ் வடிவமான 'பிக் பாஸ்', 2017இல் கமல்ஹாசன் தொகுக்க அறிமுகமாகி, 2024இல் எட்டாம் பருவம் முதல் விஜய் சேதுபதியின் கைக்கு வந்தது. ஒரு முழு நாளின் பதிவை ஏறத்தாழ ஒரு மணி நேரமாகச் சுருக்கும்போது, யாரை நல்லவராகவும் யாரைக் கெட்டவராகவும் காட்டுவது என்பது படத்தொகுப்பு மேசையில் பெருமளவு முடிவாகிவிடுகிறது என்ற உணர்வோடு அதைப் பார்ப்பது நல்லது. உண்மையான மனிதர்கள் மீது வெறுப்பைக் கொட்டுவதற்கு அந்தச் சுருக்கம் போதிய சான்றாகாது.

ஓடிடி எனப்படும் இணையவழித் தளங்களில் வெளியாகும் வலைத்தொடர்கள் முடிவு என்ற ஒன்றைத் தமிழ்த் தொடருக்கு மீட்டுத் தந்திருக்கின்றன. இங்கே வருவாய் பெரும்பாலும் சந்தாவிலிருந்து வருகிறது. ஆறு முதல் எட்டுப் பகுதிகள் முழுமையாக எழுதிப் படமாக்கப்பட்ட பிறகே பெரும்பாலும் மொத்தமாக வெளியிடப்படுகின்றன. புஷ்கர்–காயத்ரி எழுதி, பிரம்மாவும் அனுசரணும் இயக்கிய 'சுழல்' 2022 ஜூனில் அமேசான் பிரைமில் வெளிவந்தது. சாம்பலூர் என்ற கற்பனை மலையூரில் சிமெண்ட் ஆலை எரிந்த இரவில் தொழிற்சங்கத் தலைவரின் மகள் காணாமல் போகிறாள். அதே வேளையில் தொடங்கும் மயானக் கொள்ளைத் திருவிழாவின் சடங்குகளோடு துப்புத் துலக்கல் இணைந்து செல்கிறது. திருவிழாவுக்கு ஒரு தொடக்கமும் நடுவும் முடிவும் இருப்பதால் கதைக்கும் அவை கிடைத்துவிடுகின்றன. தெய்வ வேடமிட்டு ஆடும் மக்களின் ஆவேசம் கதையின் மறைபொருளுக்கும் துணைசெய்கிறது. 2025இல் வந்த இரண்டாம் பருவம் அஷ்டகாளித் திருவிழாவைக் கொண்டு இதே அமைப்பைத் திரும்பச் செய்ய முயன்றபோது அந்த இணைவு செயற்கையாகிவிட்டது. வெற்றி பெற்றதை முடிய விடக் கூடாது என்ற பழைய கணக்கு வேறு வடிவில் இங்கேயும் நுழைந்துவிடுகிறது.

பிரசாந்த் பாண்டியராஜ் இயக்கத்தில் 2022 பிப்ரவரியில் ஜீ5 தளத்தில் வந்த 'விலங்கு' அளவில் சிறியது, செய்நேர்த்தியில் பெரியது. மனைவி பிரசவத்தை எதிர்நோக்கியிருக்கும் உதவி ஆய்வாளர் ஒருவர் காட்டில் கிடைத்த அழுகிய உடலைப் பற்றி விசாரிக்கிறார். மேலதிகாரிகளின் வசவும், காவலர்களின் களைப்பும், நிலையத்தின் சின்னச் சின்ன நடைமுறைகளும் இவ்வளவு நெருக்கமாகத் தமிழில் முன்பு காட்டப்பட்டதில்லை. அந்த உதவி ஆய்வாளராக வரும் விமல் தம் திரை வாழ்வின் மிகச் சிறந்த நடிப்பை இதில் தந்திருக்கிறார். ஆனால் சில காட்சிகளின் வன்முறை கடுமையானது என்பதால் சிறுவர்களோடு பார்க்க ஏற்றதன்று. இதே ஆண்டின் இறுதியில் வந்த 'வதந்தி', கொலையுண்ட ஓர் இளம்பெண்ணைப் பற்றி ஒவ்வொருவரும் புனையும் கதைகளையே கருவாக எடுத்துக்கொண்டது. நல்ல கரு, ஆயினும் எட்டுப் பகுதிகளுக்கு நீட்டப்பட்டதால் நடுவில் தளர்கிறது. தமிழ் வலைத்தொடர்கள் காணாமல் போன பெண், குழம்பிய காவலர், மறைந்திருக்கும் கொலையாளி என்ற மூன்றையே சுற்றிச் சுற்றி வருவது வருந்தத்தக்கது. காவல் நிலையத்துக்கு வெளியிலும் தமிழர் வாழ்க்கை பரந்து கிடக்கிறது. 2024இல் ஹாட்ஸ்டாரில் தொடங்கிய 'ஹார்ட் பீட்', மருத்துவமனையில் பயிற்சி பெறும் இளம் மருத்துவர்களைப் பற்றி வாரந்தோறும் சில பகுதிகளாக நெடிது வந்து, மெகா தொடரின் நிதானத்தையும் வலைத்தொடரின் இயல்பான உரையாடலையும் சேர்த்துப் பார்த்தது. இளையோரும் பெரியோரும் சேர்ந்து பார்க்க அது பொருந்தும்.

இவை அனைத்தினும் மேலாக வைக்கத்தக்கது, முத்துக்குமார் இயக்கி 2023 ஜனவரி 26 அன்று ஜீ5 தளத்தில் வெளியான 'அயலி'. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் புதுக்கோட்டைப் பகுதியில் வீரப்பண்ணை என்ற சிற்றூர். பூப்பெய்திய பெண் பள்ளிக்குச் செல்லக் கூடாது, ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது, உடனே மணம் முடிக்கப்பட வேண்டும், இல்லையேல் அயலி என்னும் தெய்வம் சீறும் என்பது அவ்வூரின் நம்பிக்கை. மருத்துவராக விரும்பும் தமிழ்ச்செல்வி, தான் பூப்பெய்தியதையே ஊருக்குத் தெரியாமல் மறைக்கிறாள். மெகா தொடரின் கையில் இக்கதை கிடைத்திருந்தால் அந்த ரகசியம் ஒன்றே ஐந்நூறு பகுதிகளைத் தாங்கியிருக்கும். இங்கோ எட்டுச் சிறு பகுதிகளில், மறைப்பது எவ்வளவு கடினம் என்பதை மாதந்தோறும் வரும் உடல் நடைமுறைகளோடு நேர்மையாகக் காட்டி, மகளின் பொய்யைக் கண்டுபிடிக்கும் தாய் குருவம்மாள் முதலில் நடுங்கிப் பின்னர் துணைநிற்பதை நோக்கிக் கதை விரைகிறது. அபி நட்சத்திராவும் அனுமோலும் மகளாகவும் தாயாகவும் நடிக்கும் காட்சிகள், படிப்பைத் தொடர முடியாமல் போன எத்தனையோ தமிழ்ப் பெண்களின் வரலாற்றை ஒரு வீட்டு முற்றத்துக்குள் கொண்டுவந்துவிடுகின்றன. ஊர்ப் பெரியவர்களின் பேச்சில் இழையோடும் நகைச்சுவை, சொல்லவந்த கருத்தைக் கனமாக்காமல் காக்கிறது. பத்து வயதுக்கு மேற்பட்ட ஆண் பிள்ளைகளும் பெண் பிள்ளைகளும் பெற்றோரோடு அமர்ந்து பார்த்து, எழும் கேள்விகளைக் கூச்சமின்றிக் கேட்கத் தகுந்த தொடர் இது.

தொடர் பார்க்கும் வழக்கமே இல்லாதவர் 'அயலி'யில் தொடங்கலாம். ஒரு விடுமுறை நாளின் பிற்பகலில் அது நிறைவடைந்துவிடும். துப்பறியும் கதையில் நாட்டமுள்ளோர் 'விலங்கு' பார்த்துவிட்டு 'சுழல்' முதல் பருவத்துக்குச் செல்லலாம். மெகா தொடரை விட மனமில்லாதோர், தாம் இப்போது பார்க்கும் பல தொடர்களுக்குப் பதிலாக ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, மீதி நேரத்தில் 'எதிர்நீச்சல்' முதல் பாகத்தையோ 'மெட்டி ஒலி'யையோ தொடக்கத்திலிருந்து பார்க்கலாம். 'மர்மதேசம்' வரிசையைத் தயாரிப்பாளர்களே யூடியூபில் வெளியிட்டிருப்பதால், 'விடாது கருப்பு' கட்டணமின்றிக் கிடைக்கிறது. படத்தின் தெளிவு இன்றைய கண்ணுக்குக் குறைவாகத் தோன்றினாலும், முதல் மூன்று பகுதிகள் வரை பொறுமை காத்தவர்கள் அதை நடுவில் நிறுத்தமாட்டார்கள்.